நான்குவழிச்சாலையை விட்டு இறங்கும் இடங்கள்

திருநெல்வேலிக்கும் மதுரைக்கும் இடையே ஏறத்தாழ 160 கிலோமீட்டர். நான்குவழிச்சாலையில் மூன்று மணி நேரத்துக்குள் கடந்துவிடலாம்; நானும் பல ஆண்டுகளாக அப்படித்தான் கடந்திருக்கிறேன். சாலை பெரும்பாலும் ஊர்களின் ஓரமாகவே போய்விடுவதால், கயத்தாறும் கோவில்பட்டியும் சாத்தூரும் எனக்கு வெறும் பெயர்ப்பலகைகளாகவே இருந்தன. வரும் தை மாதத்தில் அம்மாவையும் அப்பாவையும் அழைத்துக்கொண்டு அதே தொலைவைக் கடக்க ஒரு முழு நாளை ஒதுக்கியிருக்கிறேன். மழைக்குப் பின் கரிசல் காடு பச்சை பிடித்து, வெயிலும் தணிந்திருக்கும் பருவம் அது.

முதலில் மதுரையிலிருந்து தெற்கே வருவதாகத்தான் எழுதிவைத்திருந்தேன். ஆனால் விருதுநகரின் எண்ணெய்ப் பரோட்டா மாலையில் கல் சூடேறிய பிறகே ருசிக்கும் பண்டம். தெற்கே வந்தால் காலையிலேயே அந்த ஊரைத் தாண்டிவிடுவோம். ஆகவே பயணத்தைத் தலைகீழாக்கி, திருநெல்வேலியிலிருந்து விடியற்காலையில் புறப்படுவதென்று முடிவு செய்தேன். நெல்லையப்பர் கோயில் எதிரேயுள்ள இருட்டுக்கடை மாலையில்தான் திறக்கும் என்பதால், அல்வாவை முந்தைய நாளே வாங்கிவிட வேண்டும்.

முதல் நிறுத்தம் கயத்தாறு. 1799 அக்டோபர் 16 அன்று வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊர் அது. நினைவிடத்தில் சிறிது நேரம் நின்றுவிட்டு, கழுகுமலைக்குத் திரும்புவோம். இந்தப் பயணத்தில் நான் மிகுதியாக எதிர்பார்த்திருப்பது அந்த மலையைத்தான். பாண்டியர் காலத்தில், 8ஆம் நூற்றாண்டில், ஒரே பாறையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டே வந்து, அடிப்பகுதியை முடிக்காமல் விட்டுவிட்ட வெட்டுவான் கோயில் அங்கே இருக்கிறது. விமானத்தில் மத்தளம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியைக் காணலாம். அதே மலையில் வரிசை வரிசையாகச் சமணச் சிற்பங்களும், அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்களைச் சொல்லும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. குரத்தியர் எனப்பட்ட பெண் துறவியரின் பெயர்களும் அவற்றில் உண்டு என்பது என்னை எப்போதும் நெகிழச் செய்யும் செய்தி. வெயில் ஏறினால் பாறை கொதிக்கும். அப்பாவின் முழங்காலுக்கும் நிதானம் தேவை. எனவே எட்டு மணிக்குள் அங்கே இருக்க வேண்டும்.

அங்கிருந்து கிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் கோவில்பட்டி. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கடலைமிட்டாயைப் பொட்டலமாக எங்கும் வாங்கலாம். ஆயினும் வறுத்த கடலையை வெல்லப்பாகில் கிளறி, சூடு ஆறுவதற்குள் பரப்பித் துண்டு போடுவதை நேரில் காண வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. ஏதேனும் ஒரு பட்டறையில் முன்கூட்டியே அனுமதி கேட்டுவைக்கப்போகிறேன்.

கோவில்பட்டியிலிருந்து இன்னும் கிழக்கே விலகி எட்டயபுரம் போவது சுற்றுவழிதான். பாரதி 1882இல் பிறந்த வீட்டைப் பார்க்கப் பலரும் வருகிறார்கள், பார்த்ததும் கிளம்பிவிடுகிறார்கள். 1835இல் மறைந்த முத்துசுவாமி தீட்சிதரின் சமாதியும், சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் அடக்கத்தலமும் அந்தச் சிற்றூரிலேயே இருக்கின்றன. மூன்றையும் காணாமல் திரும்ப எனக்கு மனம் வராது.

சாத்தூரில் காரச்சேவும், கிடைத்தால் பிஞ்சு வெள்ளரிக்காயும் வாங்குவோம். அங்கிருந்து திருவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குத் திரும்பலாமா என்று நெடுநேரம் யோசித்தேன். போனால் மாலை நழுவிவிடும் என்பதால் விட்டுவிட்டேன். ஏழு மணிக்குள் விருதுநகரில் இலை முன் உட்கார்ந்துவிட்டால், மொறுமொறுப்பான பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றிச் சாப்பிட்டபின், மதுரைக்கு ஒரு மணி நேரப் பயணமே மிச்சம்.