கட்டிக்குள் வைக்கும் அளவான சூடு

புற்றுநோய்க் கட்டியை வெப்பத்தால் தாக்கலாம் என்பது பழைய எண்ணம்தான். அந்தச் சூட்டை வேண்டிய இடத்தில் மட்டும் வைப்பது எப்படி என்பதில்தான் மருத்துவம் நெடுங்காலம் தடுமாறியது. இரும்பு ஆக்சைடு நுண்துகள்களைக் கட்டிக்குள் செலுத்தி, வெளியிலிருந்து மாறுதிசைக் காந்தப்புலத்தால் அவற்றைச் சூடேற்றும் வழியை, 1957-இல் கில்கிறிஸ்ட்டும் அவருடைய குழுவினரும் புற்றுநோய் பரவக்கூடிய நிணநீர்க் கணுக்களை மனத்தில் வைத்து முன்வைத்தார்கள்.

பன்னிரண்டு நானோமீட்டர் அளவுள்ள ஒரு துகள் தனக்கென ஒரே காந்தத் திசை கொண்டது. வெளிப்புலம் நொடிக்கு ஒரு லட்சம் சுழற்சி என்ற வேகத்தில் அலையும்போது, அந்தத் திசையும் உடன் திரும்ப முயன்று சற்றே பின்தங்குகிறது. பின்தங்குவதில் இழக்கும் ஆற்றலே வெப்பமாகிறது. புலத்தை விருப்பம்போல் கூட்டிவிடவும் முடியாது. கூட்டினால் நல்ல தசையிலும் சுழல் மின்னோட்டம் (மாறும் புலம் உடலுக்குள் வட்டமாகத் தூண்டும் மின்னோட்டம்) எழுந்து அதையும் சுட்டுவிடும்.

கட்டியின் வெப்பநிலை 43 டிகிரி செல்சியஸை ஒட்டி நிலைத்தாலே செல்களின் புரதங்கள் உருக்குலையத் தொடங்குகின்றன. கதிர்வீச்சால் சிதைந்த மரபணு இழைகளைச் சரிசெய்துகொள்ளும் திறனும் குன்றுகிறது. ஆகவேதான் இதைக் கதிர்வீச்சுக்குத் துணையாகவே பெரும்பாலும் தருகிறார்கள்.

என் பார்வையில், உண்மையான சிக்கல் சூட்டை உண்டாக்குவதில் இல்லை, பரப்புவதில் இருக்கிறது. ஊசி சென்ற தடத்தில் துகள்கள் குவிகின்றன, சற்றுத் தள்ளி ஒன்றும் இருப்பதில்லை. கட்டியின் ஓரத்திலோ ஓடும் இரத்தம் வெப்பத்தை அள்ளிச் சென்றுவிடுகிறது. சூடுபடாத அந்த ஓரத்திலிருந்துதான் நோய் மீண்டும் தலைதூக்கும். இரத்தக் குழாய் வழியே செலுத்தினாலோ, பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

பெர்லினில் ஆந்திரியாஸ் ஜோர்டான் பல ஆண்டுகள் உழைத்து வளர்த்த முறைக்கு 2010-இல் ஐரோப்பிய ஒப்புதல் கிடைத்தது. மீண்டும் தோன்றிய கிளையோபிளாஸ்டோமா மூளைக்கட்டியுடைய 59 பேருக்குக் கதிர்வீச்சோடு சேர்த்து இதை அளித்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது; கட்டி திரும்பியது தெரிந்த நாளிலிருந்து கணக்கிட்ட இடைநிலை வாழ்நாள், அதாவது பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம், 13.4 மாதங்கள். அந்த நோயின் கொடுமை அறிந்தவர்களுக்கு இந்த எண் எவ்வளவு ஆறுதல் தரும் என்பதை நான் உணர்கிறேன். ஆயினும் ஒப்பிடுவதற்கு வேறொரு நோயாளிக் குழு அந்த ஆய்வில் இல்லை என்பதை மறக்கலாகாது.

நோயாளி தரும் விலையும் சிறிதன்று. காந்தப்புலத்தில் உலோகமும் சூடேறும் என்பதால், பல்லில் உலோக அடைப்பு இருந்தால் முதலில் அதை அகற்ற வேண்டும். துகள்கள் மூளையிலேயே தங்கிவிடுவதால், கட்டி மறுபடி வளர்கிறதா என்று பார்க்க மருத்துவர்கள் வழக்கமாக நம்பும் எம்.ஆர்.ஐ. படமும் அந்த இடத்தில் பயன்படாமல் போகிறது.