ஆல்டிஹைடோடு நிறுத்துவது எப்படி?

எங்கள் ஆய்வகத்தில் வாதுமை எசன்ஸ் வாசனை அடித்தால் நல்ல செய்தி. பென்சைல் ஆல்கஹால் 2 எலக்ட்ரானை இழந்து பென்சால்டிஹைடு ஆகியிருக்கிறது. இன்னும் 2 போனால் பென்சாயிக் அமிலம். எனக்கு அது வேண்டாம்.

கோவையில் ஒரு கல்லூரியில் மின்வேதியியல் (மின்சாரத்தால் வேதிவினை நடத்துவது) ஆராய்ச்சி செய்கிறேன். ஆல்டிஹைடு தண்ணீரில் சும்மா இருப்பதில்லை, தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு ஆல்கஹால் மாதிரியே மறுபடி ஆக்சிஜனேற்றத்துக்கு, அதாவது எலக்ட்ரானை இழக்க, தயாராகிவிடும். அசெட்டால்டிஹைடு என்றால் ஏறக்குறையப் பாதி அந்த வடிவில்தான் இருக்கும். எத்தனால் அசெட்டால்டிஹைடோடு நின்றால் 2 எலக்ட்ரான், கார்பன் டை ஆக்சைடு வரை போய்விட்டால் 12.

கருத்தரங்குகளில் எல்லாரும் புதுப்புது வினையூக்கியாகவே காட்டுகிறார்கள். தேவைதான். ஆனால் உண்டான பொருள் மின்முனை பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தால் நல்ல வினையூக்கியும் அதை விட்டுவைக்காது என்பது என் கட்சி. அதனால் நான் கரைசலை நுண்துளைச் சவ்வு ஒன்றின் வழியாக ஓட்டி, உண்டான பொருளை உடனே வெளியேற்றப் பார்க்கிறேன்.

கவுந்தப்பாடியில் கரும்பாலை வைத்திருக்கும் மாமா ஒருமுறை ஆய்வகத்துக்கு வந்தார். "அதென்ன அம்மிணி, இத்தனூண்டு டப்பாவுக்கு இத்தனை குழாய்?" என்றார். "பாகு பதம் வந்ததும் கொப்பரையை இறக்கறீங்கல்ல மாமா, அதே வேலைக்குத்தானுங்க" என்றேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. என் வழிகாட்டிக்குப் புரியவைக்கத்தான் நாளானது.

சவ்வு என்றதும் திருப்பூர் சாயக்கழிவு நிலையங்களின் ஆர்.ஓ. சவ்வை நினைக்க வேண்டாம். அது உப்பைத் தடுத்து நிறுத்துவது. இது எதையும் தடுக்காது. துளைச் சுவரில் வினையூக்கி பூசியிருக்கிறது, சுவரேதான் மின்முனை. கரைசல் துளை வழியாகவே ஓடும். சாதாரணக் கலத்தில் ஒரு மூலக்கூறு 1 மில்லிமீட்டர் தூரம் தானாகப் பரவி வரச் சுமார் 8 நிமிடம் ஆகும். அதனால்தான் கலக்கிக்கொண்டே இருக்கிறோம். 10 மைக்ரோமீட்டர் துளைக்குள் அதே பரவல் ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். சவ்வு 100 மைக்ரோமீட்டர் தடிமன், ஓட்டம் வினாடிக்கு 1 மில்லிமீட்டர் என்றால் உள்ளே இருக்கும் நேரம் 0.1 வினாடி. ஒருமுறை சுவரைத் தொட அது போதும், அமிலமாகும் வரை தங்க நேரம் குறைவு.

சரி, இதில் நட்டமும் உண்டு. வேகத்தைக் கூட்டினால் ஆல்கஹால் மாறாமலே வெளியே வரும், அப்புறம் அதைப் பிரித்தெடுத்துத் திரும்ப அனுப்ப வேண்டும். துளை சிறுத்தால் பம்பு திணறும். (பம்புக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு, எங்களுக்கு வேண்டிய குட்டிப் பம்பை வெளியூரிலிருந்துதான் வரவழைத்தோம்.) மின்னழுத்தத்தை அதிகம் ஏற்றினால் தண்ணீரே பிளந்து ஆக்சிஜன் குமிழி துளையை அடைத்துவிடும்.

அடுத்தது கிளிசரால். பயோடீசல் ஆலைகளில் மிஞ்சும் சரக்கு. அதில் 3 ஹைட்ராக்சில் தொகுதிகள் இருப்பதால் எது முதலில் மாறும் என்பதே தனிச் சண்டை.