ஆப் ஷாப் தட்டுகளும் அவலாஞ்சஸும்

மெல்பர்னில் வந்து இறங்கியதும் முன்னால் வந்தவர்கள் சொல்லித்தரும் முதல் பாடம், புதுச் சாமான் எதுவும் வாங்காதே, ஆப் ஷாப்புக்குப் போ என்பதுதான். சால்வேஷன் ஆர்மி, வின்னீஸ் போன்ற தொண்டு நிறுவனங்கள் நடத்தும் பழைய சாமான் கடைகள் இவை. 2019 குளிர்காலத்தில் நாங்கள் மெல்பர்னின் புறநகரான டார்னீட்டில் குடியேறியபோது, இட்லிப் பானையையும் மிக்ஸியையும் தவிர வீட்டில் இருந்த முக்கால்வாசி அப்படி வந்ததுதான். மேஜை, விளக்கு, என் கம்பளிக் கோட்டு எல்லாமே. கோட்டுப் பையில் யாரோ ஒருவருடைய டிராம் டிக்கெட்கூட இருந்தது.

இந்தக் கடைகளில் புத்தக அலமாரிக்குக் கீழே தரையில் பால் பாட்டில் அடுக்கும் பிளாஸ்டிக் கூடை ஒன்று கிடக்கும். அதில் பழைய எல்பி தட்டுகள். கார்பென்டர்ஸ், ஜேம்ஸ் லாஸ்ட், கிறிஸ்துமஸ் பாட்டுத் தொகுப்புகள் என்று யாரும் சீந்தாத சரக்கு. தி அவலாஞ்சஸ் என்ற மெல்பர்ன் குழு இப்படிப்பட்ட கூடைகளிலிருந்துதான் இசை செய்தது என்பது எனக்கு அப்புறம்தான் தெரியவந்தது.

2000இல் வந்தது அவர்களுடைய முதல் ஆல்பம், 'சின்ஸ் ஐ லெஃப்ட் யூ'. மலிவாக வாங்கிய தட்டுகளைச் சாம்ப்ளரில், அதாவது ஒலித் துண்டுகளைப் பதிந்து மறுபடி வாசிக்கும் கருவியில் ஏற்றி, ஒன்றிலிருந்து வயலின், இன்னொன்றிலிருந்து டிரம்ஸ், வேறொன்றிலிருந்து குதிரைக் கனைப்பு என்று வெட்டி ஒட்டிச் செய்தது. மொத்தம் எத்தனை துண்டுகள் என்பதற்கு 900 என்றும் 3,500 என்றும் கணக்குச் சொல்வார்கள். மடோனாவின் 'ஹாலிடே' பாட்டின் அடிநாத (பேஸ்) மெட்டுகூட அனுமதியோடு உள்ளே இருக்கிறது. கேட்டால் விடிந்தும் கலையாத கல்யாண வீடு மாதிரி இருக்கும். அடுத்த ஆல்பம் 'வைல்ட்ஃபிளவர்' வர 2016 ஆகிவிட்டது. பதினாறு வருஷம்! இடையில் குழுவும் சுருங்கி, ராபி சேட்டர், டோனி டி பிளாசி என்று இரண்டு பேர்தான் மையமாக நின்றார்கள்.

நான் இவர்களைப் பிடித்தது மூன்றாவது ஆல்பத்தில், அதுவும் வானொலி வழியாக. 2020 ஆகஸ்டில் கொரோனாவுக்காக மெல்பர்னைப் பூட்டினார்கள். வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தாண்டக் கூடாது, இரவு எட்டு மணிக்கு மேல் வெளியே தலைகாட்டக் கூடாது. ஊரையே சரியாகப் பார்த்திராத எங்களுக்கு டிரிபிள் ஆர் 102.7 என்ற சமூக வானொலிதான் ஊரைக் காட்டியது. நேயர்கள் கட்டும் சந்தாவில் ஓடும் நிலையம், அறிவிப்பாளர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். இருமுவார்கள், தடுமாறுவார்கள், ஒரே தெருவின் ரொட்டிக் கடையைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுவார்கள். எந்தச் சுற்றுலாக் கையேட்டையும்விட அது உருப்படியாக இருந்தது.

அந்த வருஷம் பிப்ரவரியிலிருந்தே புது ஆல்பத்தின் பாட்டுகள் ஒவ்வொன்றாக வெளியாகி வந்தன. முழு ஆல்பம், 'வி வில் ஆல்வேஸ் லவ் யூ', டிசம்பர் 11இல் வந்தது. சமையலறையில் முதல் முறை ஓடவிட்டபோது என் மனைவி கேட்டாள்: "ஏங்க, ரேடியோ சரியா ட்யூன் ஆகலையா?" நியாயமான கேள்வி. சோல் பாட்டு டிஸ்கோவாகிறது, டிஸ்கோ ஹிப்ஹாப்பாகிறது, நடுவில் தூரத்து வானொலி மாதிரி இரைச்சல் வேறு.

விமர்சகர்கள் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். ஆஸ்திரேலியன் மியூசிக் பிரைஸும் கிடைத்தது. பல வகை இசையைக் கலந்ததற்கு மட்டும் கிடைத்த பாராட்டு என்று எனக்குத் தோன்றவில்லை. கலப்பதற்கு இன்று ஒரு லேப்டாப் போதும். 'வி கோ ஆன்' பாட்டைக் கேளுங்கள். ஆப் ஷாப் கூடையில் கிடக்கும் அதே கார்பென்டர்ஸ். 1983இல் இறந்துபோன கேரன் கார்பென்டரின் குரலில் ஒரு வரியை மட்டும் நறுக்கி எடுத்து, டிஸ்கோ தாளத்தின்மேல் திரும்பத் திரும்பச் சுழல விடுகிறார்கள். மூலப் பாட்டில் அது சோகம். இங்கே கால் ஆடுகிறது, சோகமும் போகவில்லை. 'ரன்னிங் ரெட் லைட்ஸ்' பாட்டில், 2019இல் இறந்த கவிஞர் டேவிட் பெர்மனின் வரிகளை இன்னொருவர் சொல்கிறார். செத்தவர்களின் குரல் எங்கோ சுற்றிக்கொண்டே இருக்கிறது என்பதுதான் ஆல்பத்தின் கரு.

அதற்கு வித்து, 1977இல் வாயேஜர் விண்கலங்களில் நாசா பூமியின் ஒலிகளைப் பதிந்து அனுப்பிய தங்கத் தட்டு. அட்டைப்படத்தில் இருப்பவர் அந்தத் தட்டைத் தொகுத்தவர்களில் ஒருவரான ஆன் ட்ரூயன். வானியலாளர் கார்ல் சேகனும் ட்ரூயனும் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவெடுத்த சில நாட்களில் ட்ரூயனுடைய மூளை அலைகளைப் பதிவு செய்து அந்தத் தட்டில் சேர்த்தார்கள். அதில் இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கர் பாடிய பைரவியும் இருக்கிறது, 55 மொழிகளில் வாழ்த்தும் இருக்கிறது. தெலுங்கு, கன்னடம், சிங்களம் எல்லாம் உண்டு, தமிழ் இல்லை! இதை மெல்பர்ன் தமிழ் நண்பர்கள் கூட்டத்தில் சொல்லிப் பாருங்கள், அன்றைக்கு வேறு பேச்சே ஓடாது.

ஆல்பத்தில் விருந்தாளிகளாக வந்து பாடியவர்களில் எனக்குப் பிடித்தவர் சம்பா தி கிரேட் என்ற ராப் பாடகி. சாம்பியாவில் பிறந்து, ஆஸ்திரேலியாவுக்குப் படிக்க வந்து, மெல்பர்னில் பேர் எடுத்தவர். அதே ஆஸ்திரேலியன் மியூசிக் பிரைஸை ஏற்கெனவே இரண்டு முறை வாங்கியவர். 'டேக் கேர் இன் யுவர் டிரீமிங்' பாட்டில் டென்சல் கர்ரி, டிரிக்கி என்ற இரண்டு பெரிய ராப் ஆட்களோடு நிற்கிறார், கொஞ்சமும் ஒதுங்கவில்லை. வந்தேறிக்கு இந்த நாட்டில் மேடை கிடைக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்த எனக்கு அது தெம்பாக இருந்தது.

குறை இல்லாமல் இல்லை. 25 தடங்கள், எழுபது நிமிஷத்துக்கு மேல். நடுப்பகுதியில் வேகம் தொய்ந்துவிடுகிறது. முதல் ஆல்பத்தில் யாரென்றே தெரியாத குரல்கள் கூடி விளையாடின; இங்கே விருந்தாளிகள் எல்லாரும் பேர்பெற்றவர்கள், சில இடங்களில் அழைப்பிதழ்ப் பட்டியல் வாசிக்கிற உணர்வு வருகிறது. பொறுமை குறைவென்றால் 'இன்டர்ஸ்டெல்லார் லவ்' பாட்டிலிருந்து ஆரம்பியுங்கள். லியோன் பிரிட்ஜஸ் பாடியது, ஆலன் பார்சன்ஸ் ப்ராஜெக்ட் என்ற ராக் குழுவின் பழைய மெட்டின் துண்டு ஒன்று அடியில் ஓடுகிறது. அப்புறம் முதல் தடத்துக்குப் போய் வரிசையாகக் கேளுங்கள். ஷஃபிளில் மட்டும் போட வேண்டாம். ஒரு தடத்தின் வால் அடுத்ததற்குள் நுழைந்துதான் ஓடுகிறது, நடுவில் வெட்டினால் பாதி சுவை போய்விடும்.