வேஷத்துக்குள் இருப்பவர் யார்?

பள்ளிப்பட்டு வட்டாரத்தில் பல ஆண்டுகளாகத் தெருக்கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டிவரும் என் தாய்மாமனுக்கு நாட்டுப்புறக் கலைஞர் அடையாள அட்டை வாங்குவதற்குள் மூன்று முறை அலைந்துவிட்டோம். படிவம், ஆதார் நகல், வங்கிக் கணக்கு எல்லாம் ஒரு காலைப்பொழுதில் முடிந்தன. மாட்டிக்கொண்டது 'கலை நிகழ்த்தியதற்கான சான்று' என்ற ஒற்றை வரியில்.

எங்கள் பக்கம் கூத்துக்கு யாரும் ஒப்பந்தம் எழுதுவதில்லை. வெற்றிலை பாக்கோடு முன்பணம் கைமாறினால் ஜமா, அதாவது கூத்துக் குழு, வந்து நிற்கும். திரௌபதி அம்மன் கோயில் அழைப்பிதழிலோ, பகலில் பாரதம் படிப்பவர் பெயரும் உபயதாரர் பட்டியலும் பக்கத்தை நிறைத்துவிட, விடிய விடிய ஆடுகிறவர்களுக்கு 'இரவு தெருக்கூத்து' என்ற இரண்டு சொற்களே மிஞ்சுகின்றன. மாமா சேர்த்து வைத்திருந்த அழைப்பிதழ்களில் பாதி ஆந்திரத்தின் நகரி, புத்தூர்ப் பக்கத்தில் தெலுங்கில் அச்சானவை. "இதெல்லாம் வேறு மாநிலம்" என்று எழுத்தர் ஒதுக்கிவிட்டார். எங்கள் திருத்தணி வட்டாரமே 1960 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்ததுதான் என்பது வாய் வரை வந்தது. அட்டை கிடைக்க வேண்டுமே என்று விழுங்கிக்கொண்டேன்.

இரண்டாம் முறை புகைப்படங்களோடு போனோம். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிய கிரீடம், தோளில் கட்டும் புஜக்கீர்த்தி, அரிதாரம் அப்பிய முகம். "இதில் இருப்பவர் இவர்தான் என்று எப்படி நம்புவது?" என்றார் எழுத்தர். எனக்கு ஆத்திரம், மாமாவோ வெளியே வந்ததும் சிரித்தார்: "என்னை அடையாளம் தெரியலைன்னா வேஷம் சரியா அமைஞ்சிருக்குன்னு அர்த்தம், மாப்ளே."

அடுத்த கூத்தன்று ஒப்பனை போடும் இடத்திலேயே உட்கார்ந்து, வெறும் முகம், பாதி அரிதாரம், முழு வேஷம் என்று வரிசையாகக் கைப்பேசியில் படம் எடுத்தேன். மாமாவின் பெயர், வேஷம், தேதி மூன்றும் குறித்த கடிதத்தைத் தர்மகர்த்தாவிடம் வாங்கினேன். விண்ணப்பிக்க நினைப்பவர்கள் இந்த இரண்டையும் முதலிலேயே செய்துகொண்டால் பேருந்துக் கட்டணமாவது மிஞ்சும். ஒப்புகைச் சீட்டையும் அங்கேயே நின்று படியுங்கள். எங்களுடையதில் கலையின் பெயர் 'நாடகம்' என்றிருந்தது. 'தெருக்கூத்து' என்று திருத்தி எழுதும் வரை நான் அந்த மேசையை விட்டு நகரவில்லை.

அட்டை வந்துவிட்டது. வரும் திருவிழா அழைப்பிதழில் ஆடுபவர்களின் பெயர்களையும் அச்சிடுமாறு கேட்டிருக்கிறோம். உபயதாரர் பெயர்கள் போக இடம் இருந்தால் பார்க்கலாம் என்றிருக்கிறார் தர்மகர்த்தா.