டிவி சத்தத்த கூட்டி வச்ச ராத்திரிகள்

பக்கத்து போர்ஷன் பொண்ண பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுட்டு இருந்தேன், "பேர் மட்டும் போடாதீங்கக்கா"னு அவ சொன்னதுக்கு அப்புறம்தான் எழுதறேன். ராத்திரி பத்து மணிக்கு மேல அங்க தட்டு விழும், அவன் கத்துவான், அப்புறம் ஒரு சத்தமும் இருக்காது. சத்தம் இல்லாத அந்த நேரம்தான் வயித்த கலக்கும். நாங்க டிவி சவுண்ட கூட்டி வச்சுக்குவோம். புருஷன் பொண்டாட்டி விஷயத்துல தலையிடக்கூடாதுனு எங்க அத்தை சொல்லுவாங்க, நானும் அப்படியே இருந்துட்டேன், இப்ப நினைச்சாலும் வெக்கமா இருக்கு.

ஒரு நாள் காலைல பால் பாக்கெட்டுக்கு 30 ரூபா கேட்டு வந்தா. கார்மென்ட்ஸ்ல வேலை பாக்கறவ, சம்பளம் அவ அக்கவுண்ட்லதான் விழுது, ஆனா ஏடிஎம் கார்டு அவன் சட்டப் பையில. "அடிய கூட தாங்கிக்குவேன்க்கா, பாப்பாவுக்கு பிஸ்கட் வாங்க அவன் கைய பாத்து நிக்கறதுதான் முடியல"னு சொல்லும்போது முந்தானைய விரல்ல சுத்திக்கிட்டே இருந்தா.

இதுவும் வன்முறைதான்னு எனக்கே அப்புறம்தான் தெரிஞ்சுது. குடும்ப வன்முறைல இருந்து பெண்கள பாதுகாக்கற சட்டம் 2005ல வந்தது, அதுல அடி உதை மட்டும் இல்ல, அசிங்கமா பேசறது, பாலியல் கொடுமை, காச பிடுங்கி வச்சுக்கறது எல்லாமே வருது. வீடு அவன் பேர்லயே இருந்தாலும் அவள இஷ்டத்துக்கு வெளிய தள்ள முடியாது. அப்புறம், இந்த சட்டத்துக்காக அரசாங்கம் போட்டிருக்கற பாதுகாப்பு அலுவலருக்கு தகவல் சொல்ல அவளேதான் போகணும்னு இல்ல, பக்கத்து வீட்டுக்காரங்களும் சொல்லலாம், நல்ல எண்ணத்துல சொன்னா நம்ம மேல கேஸ் எதுவும் வராது. நாங்க டிவி பாத்துட்டு இருந்த அத்தன ராத்திரியும் இந்த வழி இருந்துருக்கு.

ஆனா நான் ஆவேசப்பட்டு அவன்கிட்ட போய் கேட்டிருந்தா அன்னைக்கு ராத்திரி வாங்கிக் கட்டிக்கிறது அவதான். அதனால அவ ரெடியாகற வரைக்கும் காத்திருந்தோம். முதல்ல போன ஸ்டேஷன்ல ரெண்டு பேரையும் உக்கார வச்சு பேசி "குழந்தைக்காக அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா"னு அனுப்பிட்டாங்க. அதோட விட்டுருந்தா அவ்வளவுதான். என் போன்ல இருந்து பெண்கள் உதவி எண் 181க்கு பேச வச்சேன், ஏன்னா அவ போன அவன் தினம் நோண்டுவான். அங்க இருந்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்கு ஒரே இடத்துல உதவி பண்ற ஒன் ஸ்டாப் சென்டர், அப்புறம் பாதுகாப்பு அலுவலர், அவங்க அவ சொன்னத எல்லாம் ரிப்போர்ட்டா எழுதி கோர்ட்டுக்கு அனுப்பினாங்க. வக்கீல் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலமா இலவசமா கிடைச்சாங்க, பெண்களுக்கு இதுல வருமான வரம்பே கிடையாது.

அவன் கை வைக்கக்கூடாதுனு ஆர்டர் வந்துருச்சு, கார்டும் அவ கைக்கு வந்துருச்சு. கேஸ் இன்னும் நடக்குது.

ஆதார், பாப்பாவோட பர்த் சர்டிபிகேட், பேங்க் புக், ரெண்டு செட் துணி எல்லாம் ஒரு கட்டப்பையில போட்டு எப்பவோ என் பீரோல வச்சிருந்தா. போன வாரம் திருப்பி எடுத்துக்கறியானு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சா, "இன்னும் கொஞ்ச நாள் அங்கயே இருக்கட்டும்க்கா"னா.