நெட் தேர்வில் என்னைத் தோற்கடித்த ஹாம்ஸ்டர் கிராஃப்

ரிசல்ட் வந்து மூன்று நாள் ஆகிறது. சிஎஸ்ஐஆர் நெட் உயிர் அறிவியல் தேர்வில் ஜேஆர்எஃப் (ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்துவிட்டது, இன்னும் நம்பவே முடியவில்லை. பார்ட் ஏ (பொதுத் திறன் பகுதி), நேரக் கணக்கு பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் என்னைப் பழிவாங்கிய ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

போன முறை கட்-ஆஃபுக்கு 3 மார்க் குறைந்தது. பார்ட் சி-யில் ஒரு கேள்வி தப்பானால் 4 போய், நெகட்டிவில் 1 போய், மொத்தம் 5 என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் கேள்வி இப்படித்தான் இருந்தது: இரண்டு குழு சைபீரிய ஹாம்ஸ்டர் (எலி போன்ற சிறு பிராணி), ஒன்றுக்கு தினம் 16 மணி நேர வெளிச்சம், இன்னொன்றுக்கு 8. சிறுநீரில் 6-சல்ஃபடாக்ஸிமெலடோனின், அதாவது மூளையிலுள்ள பீனியல் சுரப்பி இரவில் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் கல்லீரலில் மாறி வெளியேறும் வடிவம், எப்படி ஏறி இறங்குகிறது என்று இரண்டு கோடுகள். எந்தக் கோட்டுக்குரிய குழுவில் விரை சுருங்கும்? உயரமான கோட்டைப் பார்த்து டிக் அடித்துவிட்டேன். பார்க்க வேண்டியது அகலத்தை. இரவு நீண்டால் மெலடோனின் சுரக்கும் நேரமும் நீளும், உடல் அந்த நீளத்தை வைத்துத்தான் குளிர்காலம் என்று புரிந்துகொள்கிறது. பீனியல் சுரப்பியை எடுத்துவிட்ட ஹாம்ஸ்டருக்குத் தினமும் 10 மணி நேரம் மெலடோனின் செலுத்தினால் விரை சுருங்கும், 6 மணி நேரம் செலுத்தினால் சுருங்காது. இந்தச் சோதனை ஒன்றை மனதில் நிறுத்தியிருந்தால் போதும், ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

நான் எங்கே சறுக்கினேன் என்றால், கழிவுநீக்கத்தை ஒரு வாரமும் நாளமில்லாச் சுரப்பிகளை வேறொரு வாரமும் படித்துவிட்டு இரண்டையும் சேர்த்துப் பார்க்கவே இல்லை. எனக்கு மனப்பாடம் சுத்தமாக வராது, வரைந்தால்தான் நிற்கும். அதனால் இந்த முறை கிராஃப் வந்தவுடன் ரஃப் ஷீட்டில் கருப்பு வெள்ளைப் பட்டை போட்டு, விளக்கு எரியத் தொடங்கும் நேரத்தை பூஜ்யம் என்று குறித்துக்கொண்டுதான் விடைகளையே படித்தேன்.

மாட்டிவிடும் இடங்கள்:
- சி57பிஎல்/6 என்ற ஆய்வக வகைச் சுண்டெலியில் மெலடோனின் கிட்டத்தட்ட கிடையாது. சிபிஏ, சி3ஹெச் வகைகளில் உண்டு.
- மெலடோனின் சிறுநீரில் வெளியேறுவது எலியிலும் மனிதரிலும் சல்ஃபேட் வடிவில், சுண்டெலியில் பெரும்பாலும் குளுகுரோனைடு என்ற வேறு வடிவில்.
- ஹாம்ஸ்டரைக் குறும்பகலிலேயே (குறைந்த நேர வெளிச்சத்தில்) வைத்திருந்தாலும் ஐந்தாறு மாதத்தில் விரை தானாக வளர்ந்துவிடும்.

அப்புறம் கிரியேட்டினின், சிறுநீரில் வெளியேறும் ஒரு கழிவுப்பொருள். சிறுநீர் நீர்த்திருக்கிறதா, அடர்த்தியா என்ற குழப்பம் வராமல் இருக்க எல்லா அளவையும் அதனால் வகுப்பார்கள். ஆனால் அது தசையிலிருந்து வருவது. சைபீரிய ஹாம்ஸ்டரோ குளிர்காலத்தில் உடல் எடையையே கணிசமாக இழக்கும் பிராணி. விகிதம் கூடினால் மேலே உள்ளது கூடியதா, கீழே உள்ளது குறைந்ததா என்று கேட்காமல் விடை போடாதீர்கள். 24 மணி நேர மொத்த சிறுநீரின் அளவும் கொடுத்திருந்தால் நான் அதைத்தான் முதலில் பார்ப்பேன்.