கிலோவுக்கா, மொத்தமாகவா?

மருந்தகப் பணியில் சேர்ந்த புதிதில், மருத்துவர்களின் கையெழுத்தைப் படிப்பதிலேயே பாதிப் பொழுது போய்விடும். இன்சுலின் 10 யூனிட் என்று எழுதி, யூனிட்டுக்கு ஆங்கில 'யூ' மட்டும் போட்டிருப்பார்கள். அது வளைந்து பூஜ்யமாகிவிட்டால் 100 என்று படிக்கத் தோன்றும். ஆகவே மருந்தாணைகளை மருத்துவரே கணினியில் பதியும் முறை எங்களிடம் வந்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். பாஸ்டனில் நடத்தப்பட்டு 1998-இல் வெளியான ஆய்வு, நோயாளியைச் சேரும் முன் தடுக்கப்படாமல் போகும் கடுமையான மருந்துப் பிழைகள் இம்முறையால் 55 சதவீதம் குறைந்ததாகக் காட்டியிருந்தது.

ஆனால் சான் ஃபிரான்சிஸ்கோவின் கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையில் 2013-இல் நடந்ததைப் படித்த பிறகு, திரையைப் பார்க்கும் என் பார்வை மாறிவிட்டது. பதினாறு வயதுச் சிறுவனுக்கு செப்ட்ரா என்ற மாத்திரை வேளைக்கு ஒன்று வீதம் தர வேண்டியிருந்தது. அவன் எடை 38.6 கிலோ, 40 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கு எடைக் கணக்கில்தான் அளவைப் பதிய வேண்டும் என்பது அங்கே விதி. கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று பதிந்ததில் 193 மில்லிகிராம் வந்தது. கையிருப்பிலிருந்த மாத்திரையோ 160 மில்லிகிராம் என்பதால், அந்த அளவுக்கே மாற்றிப் பதியுமாறு மருந்தாளுநர் கேட்டுக்கொண்டார். மருத்துவர் 160 என்று தட்டினார்; பக்கத்துக் கட்டத்தில் 'கிலோவுக்கு' என்பது அப்படியே நின்றது. விளைவு, ஒரே வேளைக்கு முப்பத்தெட்டரை மாத்திரை!

கணினி எச்சரிக்காமல் இல்லை. மருத்துவரும் மருந்தாளுநரும் ஆளுக்கொரு எச்சரிக்கையைத் தள்ளிவிட்டுப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொருளற்ற எச்சரிக்கைகளை நானே நாள் முழுவதும் மூடிக்கொண்டுதான் இருக்கிறேன். அங்கே மாத்திரைகளை எடுத்துக் கட்டியது இயந்திரம். அதற்குச் சந்தேகம் வர வழியில்லை. சந்தேகப்பட்ட செவிலியருக்கோ, மருந்தும் கணினியில் பதிந்த ஆணையும் பொருந்துகின்றனவா என்று மட்டும் பார்க்கும் பார்கோடு, சரிதான் என்று சொல்லிவிட்டது. கையால் எழுதிய சீட்டில் இப்படி ஓர் எண் இருந்திருந்தால் யாரேனும் சிரித்துவிட்டுத் தொலைபேசியை எடுத்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். சிறுவனுக்கு வலிப்பு வந்தது; நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டான்.

இப்போதெல்லாம் எண்ணைப் பார்ப்பதற்கு முன்பு அதன் பக்கத்துக் கட்டத்தைப் பார்க்கிறேன். ஒரு வேளைக்கு நான்கு மாத்திரையைத் தாண்டினால், திரை என்ன சொன்னாலும், வார்டுக்கு ஒரு முறை பேசிவிட்டுத்தான் பொட்டலம் கட்டுகிறேன்.